ஸ்பாத்தாரோ டொக்டரின் பலகை போன வழி

சிஞ்ஞோரா ஸ்பாத்தாரோ என்ற முதிய சீமாட்டியின் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, அவருடைய பெறாமகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு ஆளைத் தூக்கி இருத்த உனக்குப் பலம் இருக்கிறதா?" என்பதுதான். நான் மன்னார்ப் பேசாலைக்காரி. வள்ளம் கரையேறும்போது பெண்களும் தோள் கொடுக்கிற ஊர். அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "தேவைப்பட்டால் உங்களையும் தூக்குவேன்" என்றேன். அன்றிலிருந்து அவருக்கு என்னைப் பிடிக்காது. அதனால் எனக்கு ஒரு நாளும் நித்திரை கெட்டதில்லை.

சிஞ்ஞோராவின் வீடு பலேர்மோவில், பணக்காரர் இருக்கிற லிபெர்த்தா தெருவில், நாலாம் மாடியில். சிங்க முகம் வைத்த வாசல் கதவு, மாபிள் படிக்கட்டு, நடுவில் இரும்புக் கிளிக்கூடு மாதிரி ஒரு லிஃப்ற். நான் சேர்ந்த வருடமே அந்த லிஃப்ற் நின்றுவிட்டது. அதை யார் திருத்துவது என்று மேல் மாடிக்காரருக்கும் கீழ் மாடிக்காரருக்கும் இழுபறி. இத்தனைக்கும் எல்லோரும் படித்த மனிதர்கள். சிஞ்ஞோரா விழுந்து இடுப்பு முறிந்து தேறியவர். என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நாலடி நடப்பார், மற்றும்படி நாற்காலிதான். தெருவில் கால் வைத்து மூன்று வருடமாகியிருந்தது. வயது எண்பத்தெட்டு. முறிந்தது இடுப்பு மட்டும்தான், வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று அருளையா சொல்வார். அருளையா என் புருஷன். துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் வந்து கட்டியதும் ஏறித் துப்புரவு செய்கிற வேலை அவருக்கு. நாங்கள் இருந்தது போர்கோ வெக்கியோ என்ற ஏழைச் சனத்தின் சந்தைப் பகுதியில். லிபெர்த்தாவில் இருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் லிபெர்த்தாக்காரருக்கு அது வேறொரு நாடு.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரி முடிகிற நேரம், அமெரிக்காவில் இருந்து சிஞ்ஞோராவுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. ஆணிகளைக் கழற்றித் திறந்தது நான். உள்ளே வைக்கோலுக்கு நடுவே ஒரு வெண்கலப் பலகை, பெரிய பரிமாறும் தட்டளவு. அதைத் துடைத்து அவர் மடியில் வைத்தேன். ஒரு பாதி ஆங்கிலம், ஒரு பாதி இத்தாலியன். சிஞ்ஞோரா விரலால் தடவித் தடவி வாசித்தார்.

"இந்த வீட்டில் பிறந்தார் வைத்தியர் கயெத்தானோ ஸ்பாத்தாரோ. எல்க் பென்ட் ஊரின் முதல் வைத்தியர். கூப்பிட்டபோது வந்தார்."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. பட்டம் இல்லை, புகழ்ச்சி இல்லை.

கயெத்தானோ என்பவர் சிஞ்ஞோராவின் பாட்டனாருக்கு மூத்த தமையன். போர்கோவில் ஒரு துறைமுகக் கூலிக்குப் பிறந்த பிள்ளை. யாரோ ஒரு சுவாமியார் படிப்பித்து விட்டாராம். நாற்பத்தெட்டாம் ஆண்டு என்றால் இவர்களுக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு. அந்த வருடம் பலேர்மோ சனம் அரசனுக்கு எதிராக எழும்பியபோது, காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். அரசனின் படை திரும்பி வந்தது. எலுமிச்சம்பழம் ஏற்றிய கப்பலில் ஏறி ஓடினார். அமெரிக்காவில் கரையோரமாக நில்லாமல் உள்ளே, இன்னும் உள்ளே போய், பாதைகள் முடிகிற இடத்தில் ஒரு ஊரில் நின்றுகொண்டார். ஒரு மாவரைக்கிற ஆலை, ஒரு குதிரை லாயம், கொஞ்ச வீடுகள். அந்தப் புல்வெளி முழுவதற்கும் அவர் ஒருவர்தான் டொக்டர். பனி கொட்டுகிற சாமத்தில் யாராவது குதிரையில் வந்து கதவைத் தட்டினால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவாராம். கோழி கொடுத்தால் கோழி, விறகு கொடுத்தால் விறகு. வாந்திபேதி வந்த கோடையில், செத்தவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் கடைசிவரை இருந்தாராம். அவர் செத்தபோது ஊர்ச் சந்தியில் கல் நட்டு, அதில் வெட்டிய வசனம்தான் அந்தக் கடைசி வசனம். இப்போது அந்த ஊருக்கு ஏதோ பெரிய ஆண்டு நிறைவு. அதே வசனத்தை வெண்கலத்தில் வார்த்து, அவர் பிறந்த வீட்டுச் சுவரில் பதிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்பாத்தாரோ என்ற பேரோடு மிஞ்சியிருந்தது சிஞ்ஞோரா ஒருவர்தான். ஆகவே அவர் கையால் திறக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை.

"கூப்பிட்டபோது வந்தார்" என்பதைக் கேட்டதும் எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. தொண்ணூறில் சண்டையால் மன்னார்த் தீவுக்குப் பாதை பூட்டிக் கிடந்தபோது, என் தங்கச்சி கிளறாவுக்குப் பிள்ளை வலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடம் இருந்தது, கட்டில் இருந்தது, டொக்டர் இல்லை. வரவில்லை என்று யாரையும் திட்டக்கூட எங்களால் முடியவில்லை. கூப்பிடுவதற்கே ஆள் இருக்கவில்லை. அவளையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்தோம். ஆகவே அந்தப் பலகையில் இருந்தது சின்ன வசனம் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

பெறாமகன் ரெனாத்தோ அடுத்த நாள் வந்தார். அவர் அவ்வொக்காத்தோ, அதாவது வழக்கறிஞர். அந்தக் கட்டடத்திலேயே கீழ் மாடியில் அவருடைய கந்தோர். வாசலில் அவர் பேர் எழுதிய பித்தளைத் தகடு இருக்கும். சிஞ்ஞோராவின் இறந்துபோன தங்கையின் மகன். சின்ன வயதில் அவரைப் பெரியம்மா வேறு மாதிரிக் கூப்பிட்டிருப்பார். நான் சேர்ந்த நாளில் இருந்து அதுவரை "அவ்வொக்காத்தோ" என்றுதான் கூப்பிட்டார். கோபம் வரும்போது அப்படிக் கூப்பிடுவது வழக்கமாம். அந்தக் கோபம் அதுவரை தீர்ந்திருக்கவில்லை.

"பெரியம்மா, எல்லாம் ஒழுங்கு பண்ணிவிட்டேன்" என்றார். "சனிக்கிழமை அமெரிக்கர் வருகிறார்கள். கொமூனே நகரசபையில் இருந்தும் ஒருவர் வருவார். பலகையைக் கீழே வாசலில் பதிக்கிறோம்."

"எந்த வாசலில்?"

"இந்த வாசலில்தான்."

"இந்தக் கட்டடம் எழும்பும்போது கயெத்தானோ செத்து எவ்வளவு காலம்" என்றார் சிஞ்ஞோரா. "இந்த வீட்டில் பிறந்தார் என்று எழுதியிருக்கிறது. எந்த வீட்டில், அவ்வொக்காத்தோ?"

"போர்கோவில் அந்தச் சந்து இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நிலத்தில் மீன் தண்ணீர். தலைக்கு மேலே அடுத்த வீட்டுக்காரரின் காற்சட்டை காய்கிறது. விருந்தாளிகளை அங்கே நிறுத்த முடியுமா? அதை விடுங்கள். நீங்கள் திறக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். உங்களால் படி இறங்க முடியாது. இங்கே பதித்தால் பல்கனியில் நின்று கை காட்டலாம்."

அந்தக் கடைசிப் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சும்மா ஒரு மொக்கன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

"நான் போர்கோவுக்கு வந்தால்?" என்று கேட்டார் சிஞ்ஞோரா.

அவர் சிரித்தார். "நீங்கள் அங்கே வந்து சேர்ந்தால், பெரியம்மா, சுத்தியலை நானே பிடிக்கிறேன்."

நான் மூலையில் நின்று துணி மினுக்கிக்கொண்டிருந்தேன். "நான் சாட்சி" என்றேன். அவர் கேட்காத மாதிரிப் போய்விட்டார்.

அவர் போனதும் சிஞ்ஞோரா மடியில் இருந்த பலகையின் எழுத்துகளை மறுபடி விரலால் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பார், மலர். கயெத்தானோ கூலியின் மகன் என்பதை என் அப்பா மறைத்தார். என் தங்கை மறைத்தாள். இனி வெண்கலத்திலும் மறைக்கப் போகிறார்கள். நான் செத்தால் அது உண்மையாகிவிடும்." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"நீங்கள் போர்கோவுக்குப் போவீர்கள்" என்று சொன்னேன். எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது. சொல்லிவிட்டால் வழி வரும் என்பது என் பழக்கம்.

கார் சரிவராது. அந்த இடுப்பு காருக்குள் மடியாது. அம்புலன்ஸ் என்ற பேச்சை எடுத்ததும் சிஞ்ஞோரா கையை ஓங்கினார். தங்கையை அதில்தான் ஏற்றினார்களாம், அவர் திரும்பி வரவில்லையாம். "கயெத்தானோ வீட்டு வாசலுக்குப் படுத்துக்கொண்டு போகமாட்டேன்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அன்றிரவு அருளையாவுக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே விசயத்தைச் சொன்னேன்.

"சில்லு நாற்காலி இருக்குதுதானே" என்றார்.

"அது மாபிள் தரையிலை ஓடுறதுக்குச் செய்தது. போர்கோக் கல்லிலை ஓட்டினால் மனிசிக்கு எலும்பு எலும்பாக் கழண்டுபோம். சந்தை நேரத்திலை அதுக்கு வழியும் விடமாட்டினம்."

அருளையா இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு, "மாதாவை நாங்கள் என்னெண்டு கொண்டு போறனாங்கள்?" என்று கேட்டார்.

பேசாலைத் திருவிழாவில் கூடு தூக்குகிறவர்களில் அவரும் ஒருவர். மாதாவின் சொரூபத்தைச் சோடித்த கூட்டில் வைத்து, இரண்டு தண்டுகள் பூட்டி, தோளில் ஏற்றிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். மணலில், இருட்டில், சனத்துக்குள்ளே. சொரூபம் ஒரு பக்கம் சரிந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். மனுசன் பகிடியாகச் சொல்லவில்லை. கலியாணம் கட்டின நாளுக்குப் பிறகு அவரை அவ்வளவு பிடித்தது அன்றைக்குத்தான்.

மற்ற ஆட்களைச் சேர்ப்பது கஷ்டமாக இருக்கவில்லை. ஒன்றுவிட்ட தம்பி ஏர்னஸ்ற், அவனோடு அறையில் இருந்த பவுல், இரண்டு பேரும் ஊரில் கூடு தூக்கினவர்கள். நாலாவது ஆள் அடுத்த கதவுக் குணரத்தினண்ணை. அவர் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். ஆனால் கோயிலில் சாமி காவின தோள். எனக்குத் தோள்தான் வேண்டும், சமயம் வேண்டாம். தண்டுக்கு நீளமான பலமான மரம் தேவைப்பட்டது. டொக்டர் பிறந்த வீட்டில் இப்போது இருக்கிற மிம்மோவிடம் போனேன். பேய்க்கணவாய் என்கிற எட்டுக்கால் கணவாயை அவித்து விற்கிறவன், வள்ளமும் வைத்திருந்தான். விசயத்தைக் கேட்டதும் முதலில் சண்டைக்கு வந்தான். என் சுவரில் ஆணியடிக்கிறதைப் பற்றி என்னிடம் ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்றான். இப்போது நான் கேட்கிறேனே என்றேன். உடனே துடுப்பு இரண்டையும் தூக்கித் தந்தான். சுவரை வெள்ளையடித்து வைப்பதாகவும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் சந்தில் ஒத்திகை. நாற்காலியில் இருத்தியது என்னைத்தான். சிஞ்ஞோராவை விட நான் நல்ல பாரம். என்னைத் தூக்கினால் அவரைத் தூக்குவது விளையாட்டு என்று ஏர்னஸ்ற் சொன்னான். அவனுக்கு இரவுச் சாப்பாடு குறைந்தது. தூக்கி நாலடி வைத்ததும் நாற்காலி ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கிவிட்டது.

"அண்ணை, ஏன் ஆட்டுறியள்?" என்று கேட்டேன்.

"சாமி எண்டால் ஆட்டித்தானே கொண்டு போறது" என்றார் குணரத்தினண்ணை. "ஆடாமல் போனால் அது சவம்."

"எங்கடையிலை ஆட்டுறேல்லை. இடது கால் முதல், எல்லாரும் ஒண்டா, தண்ணி தளும்பாத மாதிரி" என்றார் அருளையா.

இருவரும் கொஞ்ச நேரம் சமயம் கதைத்தார்கள். மேலே தொங்கிக்கொண்டிருந்த நான், என்னை இறக்கிவிட்டுக் கதையுங்கோ என்று கத்திய பிறகுதான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேதக்காரரின் நடை, சைவக்காரரின் தோள் சும்மாடு.

சனிக்கிழமை காலை சிஞ்ஞோராவுக்குக் கறுப்புச் சட்டையும் முத்துத் தோடும் போட்டுவிட்டேன். கைப்பையையும் மடியில் வைக்கச் சொன்னார். "வெளியே போகிறவள் கைப்பை இல்லாமல் போவாளா?" என்றார். படிக்கட்டில் துடுப்பு திரும்பாது என்பதால், நாலு மாடியும் கையால் காவினார்கள். ஏர்னஸ்றும் பவுலும் முன்னுக்கு, மற்ற இரண்டு பேரும் பின்னுக்கு, நாற்காலியைச் சற்று மல்லாத்திப் பிடித்தபடி. நான் அவரைப் படுக்கைவிரிப்பால் நாற்காலியோடு கட்டியிருந்தேன். இரண்டாம் மாடி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். செபம் சொல்கிறார் என்று நினைத்துக் கிட்டப் போய்க் கேட்டேன். லிஃப்ற் திருத்தாதவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

கீழே வந்ததும் ஏர்னஸ்ற் துடுப்புகளை நாற்காலிக்கு இரு பக்கமும் வைத்து வரிந்து கட்டினான். வள்ளக்காரன் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். நாலு பேரும் குந்தி, தோள் கொடுத்து, ஒரே மூச்சில் எழும்பினார்கள். நான் சிங்கக் கதவைத் திறந்தேன்.

வெளியே எல்லாம் ஆயத்தமாக இருந்தது. சுவரில் மேசன் சோக்கால் அடையாளம் போட்டிருந்தான். பலகை துணியால் மூடிச் சுவரோடு சாய்ந்திருந்தது. அமெரிக்க ஆட்கள் ஒரு சின்னக் கூட்டம், அவர்களுக்குத் தலைவி மிஸஸ் ஹோலிஸ் என்று ஒரு உயரமான பெண். கொமூனேக்காரர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பல்கனியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் தேடிய மனுசி கதவுக்குள்ளால், தோள் உயரத்தில், கைப்பையோடு வந்தார்.

ரெனாத்தோ ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார். ஆனால் அவ்வொக்காத்தோதானே, உடனே சுதாரித்துக்கொண்டார். கையைத் தட்டினார். "பாருங்கள், பெரியம்மா உங்களுக்காக இறங்கியே வந்துவிட்டார். இனி என்ன, இங்கேயே திறந்து வைக்கலாம். இறக்குங்கள், இங்கே இறக்குங்கள்."

அமெரிக்கரும் கை தட்டினார்கள். யாரோ இடம் விட்டார்கள். சிஞ்ஞோராவைப் பார்த்தேன். நாலு மாடி இறங்கிய களைப்பில் முகம் வெளிறி, மூச்சு வாங்கியது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் என்னைத் தேடியது. இங்கே இறக்கினால் எல்லாம் முடிந்தது. வெண்கலம் பொய் சொல்லும், அதுவும் அவர் கையால். எனக்குக் கோபம் தலைக்கு ஏறினால் இத்தாலியன் முழுக்க மறந்துபோகும். அந்த நேரமும் மறந்துபோனது.

அருளையா அவ்வொக்காத்தோவைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு இத்தாலியன் விளங்கும், ஆனால் அவர் சொன்னது மற்றத் தோள்களுக்கு.

"தூக்கின கூட்டை வழியிலை வைக்கிறேல்லை."

"ஓம்" என்றார் குணரத்தினண்ணை. "மண்டகப்படி எண்டால் வைக்கலாம். இது மண்டகப்படி இல்லை."

"இடது" என்றார் அருளையா. நாலு இடது காலும் ஒன்றாக எடுத்து வைத்தன. அவர்கள் போய்விட்டார்கள்.

"எங்கே போகிறார்கள்? நில்லுங்கள்" என்று ரெனாத்தோ என் கையைப் பிடித்தார். அதற்குள் என் இத்தாலியன் திரும்பி வந்துவிட்டது.

"அவர்களால் நிற்க முடியாது. தோளில் ஏற்றினால் சேர்க்க வேண்டிய இடத்தில்தான் இறக்குவார்கள். அது எங்கள் வழக்கம்."

"இது என்ன சொரூபமா?"

நான் பதில் சொல்வதற்குள் மேசன் தொப்பியைக் கழற்றினான். பலேர்மோக்காரன், தன் பகுதித் திருவிழாவில் தானும் தோள் கொடுக்கிறவனாம். "அந்த மனிதர் சொல்வது சரி, அவ்வொக்காத்தோ" என்றான். "எங்களுக்கும் அப்படித்தான். இடையில் இறக்கினால் வருடம் முழுக்கப் பேச்சுக் கேட்க வேண்டும்." குனிந்து பலகையைத் துணியோடு தூக்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டு கூட்டுக்குப் பின்னால் நடந்தான். பலகை போனால் அமெரிக்கர் போகாமல் இருப்பார்களா? கொமூனேக்காரருக்கு எந்தச் சுவரும் ஒன்றுதான், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தால் சரி. அவரும் நடந்தார். கடைசியில் வெறும் சுவரோடு நின்றது ரெனாத்தோ மட்டும். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஓடி வந்துகொண்டிருந்தார்.

லிபெர்த்தா தெருவைக் கடக்கும்போது கார்கள் கோண் அடித்தன, பிறகு அடங்கின. ஒரு பொலிஸ்காரன் இது யாரோ அனுமதி எடுத்த ஊர்வலம் என்று நினைத்து மற்றப் பக்கத்தை மறித்துவிட்டான். நான் அவனுக்கு நன்றி சொன்னேன். பொலித்தியாமா நாடக அரங்கைத் தாண்டிப் போர்கோவுக்குள் இறங்கினோம். சந்தைக்காரர் குடைகளை மடக்கினார்கள், மீன் பெட்டிகளை உள்ளே இழுத்தார்கள். தோளில் ஏறி வருவதற்கு எப்படி வழி விட வேண்டும் என்று அந்தச் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பல்கனிகளில் பெண்கள் சிலுவை போட்டார்கள். போட்டுவிட்டுத்தான், யார் இது, எந்தப் புனிதை என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஒரு கிழவி ஒரு பிடி அரிசியை எறிந்தாள்.

மேலே இருந்து சத்தம் வந்தது. சிஞ்ஞோராவுக்கு மூச்சு திரும்பியிருந்தது. "மலர், நான் இன்னும் சாகவில்லை என்று அவர்களுக்குச் சொல்."

சொன்னேன். உரத்துச் சொன்னேன். "இது சிஞ்ஞோரா ஸ்பாத்தாரோ. இந்தப் போர்கோவில் பிறந்து அமெரிக்காவில் சனத்தைக் காப்பாற்றின டொக்டரின் சொந்தம். டொக்டருக்குப் பலகை வைக்கப் போகிறோம்." உடனே எல்லோருக்கும் அந்த டொக்டரைத் தெரிந்துவிட்டது. தன் கொள்ளுப்பாட்டியின் பிள்ளைப்பேறு பார்த்ததே அவர்தான் என்று ஒரு மரக்கறிக்காரி சத்தியம் பண்ணினாள். எங்களுக்குப் பின்னால் அரைச் சந்தை வந்தது.

மிம்மோ சொன்னபடியே சுவரை வெள்ளையடித்து வைத்திருந்தான். பேய்க்கணவாய்ச் சட்டியைக்கூட ஓரமாக்கியிருந்தான். அந்த வாசலில்தான் எங்கள் ஆட்கள், எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டார்கள். கோயில் வாசலுக்கு வந்தால் கூட்டைத் திருப்பி, சொரூபத்தின் முகம் சனத்தைப் பார்க்க இறக்குவது வழக்கம். கை காலுக்குப் பழகிப்போன விசயம், மூளையைக் கேட்டு நடப்பதில்லை. அருளையா ஒரு சத்தம் கொடுத்தார். நாலு பேரும் அழகாக ஒரு வட்டம் திரும்பி, சிஞ்ஞோராவை மெதுவாக இறக்கி வைத்தார்கள். அவர் முதுகு சுவருக்கு. பலகை பதிக்கிற இடம் சரியாக அவர் தலைக்குப் பின்னால்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. "மூளை இருக்கோ உங்களுக்கு? மனிசி இதைப் பாக்கத்தானே இவ்வளவு பாடும். திருப்புங்கோ" என்றேன். அருளையா நாக்கைக் கடித்துக்கொண்டார். நாலு பேரும் மறுபடி குனிந்தார்கள்.

"வேண்டாம்" என்று சிஞ்ஞோரா கையை உயர்த்தினார். "அதில் இருப்பது எனக்குப் பாடம், மலர். கயெத்தானோ கடைசியாக இந்த வாசலில் நின்றபோது சுவரையா பார்த்தான்? தெருவைத்தான் பார்த்தான்."

அந்தச் சந்து நேராகத் துறைமுகத்தை நோக்கிப் போகிறது. கடைசியில், இரண்டு வீட்டுக்கு நடுவே, ஒரு கப்பலின் புகைப்போக்கி தெரிந்தது. சிஞ்ஞோரா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலியின் மகன் கையில் ஒன்றும் இல்லாமல் நடந்துபோன அந்தத் தெருவை, அவர் பேரைச் சுமந்த கடைசி மனுசி கண் சிமிட்டாமல் பார்த்தார். நான் அழுதேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

மேசன் துளை போட்டான். பிறகு சுத்தியலை எடுத்தான். "இல்லை" என்றேன். "அதைப் பிடிக்கிறவர் வேறு ஆள். நான் சாட்சி."

ரெனாத்தோ என்னைப் பார்த்தார், பெரியம்மாவின் பின்தலையைப் பார்த்தார். சுத்தியலை வாங்கினார். அவர் வாழ்க்கையில் ஆணியே அடித்ததில்லை என்பது முதல் அடியிலேயே அரைச் சந்தைக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரும் புத்தி சொன்னார்கள். இரண்டாவது அடி அவர் விரலில் பட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நாலு மூலையும் தானே அடித்தார். வெள்ளைத் தூள் அவருடைய நல்ல கோட்டிலும் பெரியம்மாவின் தலைமயிரிலும் கொட்டியது. சிஞ்ஞோரா திரும்பவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

துணியை விலக்க மட்டும் அவர் கையைப் பின்னால் நீட்டினார். நான் நுனியை எடுத்துக் கொடுத்தேன், இழுத்தார். மிஸஸ் ஹோலிஸ் ஆங்கிலத்தில் வாசித்தார். கொமூனேக்காரர் இத்தாலியனில் வாசித்தார். இந்த வீட்டில் பிறந்தார் என்ற இடம் வந்தபோது மிம்மோ தன் வாசல் நிலையைத் தட்டிக் காட்டினான். சிஞ்ஞோரா என்னைப் பார்த்து, "உன் பாஷையிலும் சொல்" என்றார். எங்கள் நாலு பேருக்கும் கேட்கச் சொன்னேன். குரல் ஒருமுறை உடைந்தது, ஆனால் சொல்லி முடித்தேன்.

பிறகு மிம்மோ எல்லோருக்கும் பேய்க்கணவாய் வெட்டிக் கொடுத்தான். கொமூனேக்காரர்கூட நின்று சாப்பிட்டார். நாலு மாடி ஏற வேண்டும் என்ற நினைவு எனக்கு அப்போதுதான் வந்தது. வந்த வழியால் கூடு திரும்புவதில்லை, துறைமுகத் தெருவால் சுற்றிக்கொண்டு போவோம், மனிசி கடலையும் பார்க்கட்டும் என்றார் அருளையா. ஆனால் குணரத்தினண்ணை ஒரு பக்கமாக நின்று தோளைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டையை விலக்கிப் பார்த்தேன். சும்மாடு நழுவி, தோல் உரிந்து, சிவந்து வீங்கியிருந்தது. ஒன்றுமில்லை, இன்னும் ஒருக்கால் தூக்குவேன் என்றார். தூக்கினால் விழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் வருகிறேன்" என்று மிம்மோ ஏப்ரனைக் கழற்றத் தொடங்கினான். சிஞ்ஞோரா கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். தலையைத் திருப்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே கூப்பிட்டார்.

"ரெனாத்தூட்ஸோ."

அந்தப் பேரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற பேர். பலகைக்குக் கீழே சுத்தியலோடு நின்ற மனிதர் நிமிர்ந்தார். பிறகு சுத்தியலை மேசன் கையில் கொடுத்துவிட்டு, தூள் அப்பிய கோட்டோடு சுற்றி வந்து பெரியம்மா முன்னால் நின்றார். சிஞ்ஞோரா துடுப்பைக் காட்டினார்.

ரெனாத்தோ கோட்டைக் கழற்றி மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, குணரத்தினண்ணையின் இடத்தில் குந்தினார். என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்தக் கால் முதலில்?" என்று கேட்டார்.

"இடது" என்றேன்.